மெரினா காற்றில் ஆடாத ட்ரைபாட் எது?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் மாட்டி மெரினாவில் விடிகாலைப் படம் எடுக்கிறீர்கள், ட்ரைபாட் ஆடுகிறது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கால்களைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று குழாய்களால் ஆன மூன்று அடுக்குக் கால் போதும். அடுக்கு கூடக் கூடக் கடைசிக் குழாய் ஒல்லியாகும், ஆட்டம் அங்கேதான் தொடங்கும். கேமராவை உயர்த்த நடுவில் இருக்கும் நடுத்தண்டை ஏற்றாமலே கேமரா கண் மட்டத்துக்கு வர வேண்டும். தண்டை ஏற்றினால் மூன்று கால்மேல் ஒற்றைக் கம்பியை நட்டது போலத்தான். பெட்டியில் போட்டிருக்கும் எடைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் கேமரா, லென்ஸ் எடையைப் போல மூன்று மடங்கு தாங்குவதாக இருக்கட்டும்.

கடைக்கு உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். ட்ரைபாடில் மாட்டி, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) பெரிதாக்கி, லென்ஸ் நுனியை லேசாகத் தட்டுங்கள். படம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

கார்பன் ஃபைபர் இலேசு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஆனால் விலை அதிகம். தூக்கிச் சுமக்கத் தயார் என்றால் அலுமினியமே நல்லது.

அப்புறம், கடற்கரையில் கீழடுக்கை முதலில் முழுசாக இழுத்துவிடுங்கள், அடுக்கை இறுக்கும் பூட்டு மணலுக்கு மேலே இருக்கும். கால்களை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள். பையை நடுத்தண்டின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டினால் அது தரையைத் தொடட்டும், தொங்கினால் காற்றில் ஊசலாடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவிக் காயவையுங்கள். உப்பு பூட்டுகளை அரித்துவிடும்.