பெற்றோருக்குச் சொத்தைப் பல் இருந்தால் பிள்ளைகளுக்கும் வந்தே தீருமா?

உங்கள் வீட்டிலும் யாரோ "இது நம் பரம்பரை, என்ன செய்தாலும் தப்பாது" என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா சொன்னார். அவருக்கு 45 வயதிலேயே பல்செட். தாய்மாமன்கள் இருவருக்கும் கடைவாய்ப் பற்கள் இல்லை. எனக்கு 19 வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தபோது, வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று நாங்களும் கேட்கவில்லை, பிடுங்கியவரும் சொல்லவில்லை. அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

நான் பல் மருத்துவன் அல்லன். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றும் வாதிடவில்லை. பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலின் உறுதி, பல்லின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம், உமிழ்நீரின் தன்மை ஆகியவை ஓரளவு பிறப்போடு வருபவைதாம். ஆயினும் சொத்தை உண்டாகச் சர்க்கரை வேண்டும். அதை உண்ணும் பாக்டீரியாக்கள் அமிலத்தை வெளியிட்டு, பல்லின் மேல் பிஹெச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும் என்பதால், எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம்.

எங்கள் குடும்பத்தில் பல்லோடு சேர்ந்து வந்த இன்னொன்று, படுக்கும் முன் குடிக்கும் பனங்கற்கண்டுப் பால். உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். பனங்கற்கண்டு உடம்புக்கு நல்லது என்பவர்கள் கோபிக்க வேண்டாம்; பல்லில் இருக்கும் கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான்.

மகனுக்கு 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்தபோது, மருத்துவர் சிறு கண்ணாடியை வைத்துக் காட்டினார். பிரஷ்ஷின் ஒரு முடிகூட இறங்க முடியாத குறுகிய பள்ளங்கள். எனக்கு மிஞ்சியிருக்கும் பற்களில் உள்ளவை போலவே இருந்தன. பல் முழுதாக வெளிவந்ததும் அந்தப் பள்ளங்களைச் சீலன்ட் என்னும் மெல்லிய பூச்சால் மூடினார். அன்றிலிருந்து பால் இரவு உணவோடு, கற்கண்டு இல்லாமல். அதன்பின் பட்டாணி அளவு புளோரைடு பற்பசையில் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் படுப்பான். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைடும் போய்விடும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பசை போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதியில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவனுக்கு இப்போது 11 வயது. ஒரு பல்லிலும் சொத்தை இல்லை. அவன் தாய்வழிப் பல் அப்படி என்கிறார் என் அம்மா. அந்தப் பள்ளங்கள் என்னுடையவை என்பதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.