அனாதைகளின் பணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய லண்டன் நகராட்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆல்டர்மன்கள் என்ற நகராட்சியின் மூத்த உறுப்பினர்கள் ஆயுள் முழுக்கப் பதவியில் இருந்ததுதானே ஊழலின் வேர்? 1694-ல் அனாதைகளுக்கான சட்டம் நிறைவேற நாடாளுமன்ற சபாநாயகருக்கு நகராட்சி கொடுத்தது ஒரு சிறு லஞ்சம். நல்ல காரியத்துக்குத்தானே, அதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

ஆயுள் பதவியும் ஒரு காரணம்தான். அதை இன்னொரு நாள் பேசலாம். ‘சிறு லஞ்சம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டன் நகர உரிமை பெற்ற ஒருவர் இறந்தால், அவரது அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு. 21 வயது வரை மேயரும் ஆல்டர்மன்களும் அதற்குக் காவல். கில்ட்ஹால் என்ற நகராட்சி மாளிகையில் இருந்த நகரக் கஜானாவில் அந்தப் பணத்தைப் போட்டு வைத்தார்கள். நகராட்சி அதை எடுத்துச் செலவழித்தது. புதிதாக வந்த பிள்ளையின் பணம் பழைய பிள்ளைக்குப் போனது. 1680களில் கஜானா கைவிரித்துவிட்டது. கடைசியில் கடன் ஏறத்தாழ ஏழரை லட்சம் பவுண்டு.

பல வருட மனுக்களுக்குப் பிறகு வந்த அந்தச் சட்டம் என்ன கொடுத்தது? அசல் தொகை கைக்கு வரவில்லை, வருடம் 4 சதவீத வட்டி மட்டும். அந்தக் காசும் நிலக்கரி, ஒயின் வரிகளிலிருந்து வந்தது. குளிரில் அடுப்பு மூட்டிய கூலிக்காரர்களும் அந்த வரியைச் சுமந்தார்கள். இதற்குத்தான் சபாநாயகர் சர் ஜான் டிரெவருக்கு 1000 கினி பொற்காசுகள்! நகராட்சிக் கணக்கிலேயே அது எழுதப்பட்டிருந்தது.

என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவருக்கு வரவேண்டிய பணத்துக்காக அம்மா ஓர் அலுவலகத்துக்கு இரண்டு வருடம் நடந்தாள். ஒருநாள் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். அடுத்த வாரமே கோப்பு நகர்ந்தது. எங்கள் பணம் எங்களுக்கு வந்தது. அப்புறம் அவள் காதில் தோடு பார்த்ததில்லை. இதைச் சிறிது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

1695 மார்ச்சில் டிரெவர் பிடிபட்டார். தான் குற்றவாளி என்ற தீர்மானத்தை அவரே அவையில் வாக்கெடுப்புக்கு விட்டார். அவையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற உயர் நீதிபதிப் பதவியில் 1717-ல் சாகும்வரை இருந்தார். அனாதைகளின் வழக்கை அவரிடம் கொண்டுபோக யாருக்கு மனம் வரும்?

நீங்கள் நிறையப் படிக்கிறவர், அதனால்தான் இவ்வளவு கோபம். அந்தச் ‘சிறு’வை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆல்டர்மன்களைப் பற்றி அப்போது பேசுவோம்.