அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக் என்ற முதன்மைப் போட்டி ஒரு காலத்தில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை, அவர்கள் நீக்ரோ லீக் என்ற தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்த நீக்ரோ லீக் வீரர்களின் எண்களை மேஜர் லீக் எண்களோடு ஒரே பட்டியலில் வைத்தது சரியா? அறுபது ஆட்டங்களில் எடுத்த சராசரி எப்படிச் சாதனையாகும்?

சரிதான். இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

மேஜர் லீக் 2024 மே மாதம் வெளியிட்ட அறிவிப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளின் எண்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. உடனே நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சனின் .372 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரி (அதாவது அடிக்க வந்த ஆயிரம் முறைக்கு 372 ஹிட்), மேஜர் லீக் வீரர் டை காப்பின் .367-ஐத் தாண்டியது. 1943-இல் அவர் எடுத்த .466, ஒரே பருவத்தின் மிக உயர்ந்த சராசரியாயிற்று. நீங்கள் காப்பின் ரசிகராக இருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் அவரை மதிப்பவன்.

நான் பிட்ஸ்பர்கில் வசிக்கிறேன். கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் ஆகிய இரண்டு அணிகளும் இந்த ஊர்ப்பக்கத்து அணிகள். அந்த அறிவிப்பு வந்த வாரம் அலுவலக உணவறையில் இதே கேள்வி எழுந்தது. சக ஊழியர் ஒருவர், "இரக்கப்பட்டுக் கொடுத்த சாதனை இது, இது மற்ற சாதனைகளுக்குச் சமமல்ல என்று காட்டப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டாக வேண்டும்" என்றார். அந்த "இரக்கம்" என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. நான் காப்பீட்டுத் துறையில் எண்களோடு பிழைப்பவன். ஒரு எண்ணைப் பற்றிப் பேசுமுன் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. விடுமுறை நாட்களில் நூலகத்துக்குப் போய், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களை மைக்ரோஃபிலிமில் பார்க்க ஆரம்பித்தேன்.

அங்கே கண்டதைச் சொல்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு முழு அட்டவணை இருக்கும்: பேட்டரின் பெயர், எத்தனை முறை அடிக்க வந்தார், எத்தனை ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்தது). அடுத்த ஆட்டத்துக்கு இரு அணிகளின் ரன், ஹிட், பிழை ஆகிய மூன்று எண்களும், யார் பந்து வீசினார், யார் கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) என்ற ஒரு வரியும் மட்டும்தான். கேட்ச்சர் இடத்தில் கிப்சன் பெயர் இருக்கும். அவர் அன்று நான்கு ஹிட் அடித்தாரா, ஒன்றுமே இல்லையா என்பது தெரியாது. சில பக்கங்களில் மடிப்பு விழுந்து கடைசிப் பத்தி எண்களே கறுத்துப்போயிருக்கும்.

இப்படித் துல்லியமாகத் தெரியாத ஆட்டங்களை ஆய்வாளர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள கிப்சனின் பட்டயத்தில் ஏறத்தாழ 800 ஹோம் ரன் என்று எழுதியிருக்கிறது. அதிகாரபூர்வப் பதிவேட்டிலோ 200-கூட இல்லை. லீக் ஆட்டமாகவும், ஆவணம் உள்ளதாகவும் இருந்தால் மட்டுமே ஏற்றார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் கணக்கு இப்படியா இருக்கும்?

ஆட்டங்கள் குறைவு என்பதற்கு வருகிறேன். அவர்கள் குறைவாக ஆடவில்லை, ஓய்வே இல்லாமல் ஆடினார்கள். பல அணிகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. பிட்ஸ்பர்க் பக்கத்து கிரேஸ் அணி வாஷிங்டனிலும் ஆடியது, அங்கே ஆடியது கிரிஃபித் ஸ்டேடியத்தில், அதுவும் வெள்ளையர் அணி வெளியூர் போயிருந்த நாட்களில். வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு காட்சி ஆட்டம் ஆடித்தான் தீர வேண்டும். அவை லீக் கணக்கில் வராது. அந்தக் கிரிஃபித் ஸ்டேடியத்தின் இடப்பக்க எல்லை 400 அடிக்கு மேல். வலக்கையால் அடிப்பவரின் பலமான அடிகள் பெரும்பாலும் இடப்பக்கம்தான் போகும், அதனால் வலக்கையால் அடிக்கும் கிப்சனுக்கு அது எவ்வளவு பெரிய பாதகம் என்பது பேஸ்பால் பார்ப்பவர்களுக்குப் புரியும்.

குறுகிய பருவத்தில் உச்ச எண்கள் எளிதாக வரும் என்பது உண்மை, மறுக்கவில்லை. .466 என்ற எண்ணை விட .372-ஐத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அந்த .372-கூட அடிக்க வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் முறைகளில் வந்ததுதான், காப்பு அடிக்க வந்ததோ பதினோராயிரம் முறைக்கு மேல். ஆனால் இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? 2020-இல் பெருந்தொற்றால் மேஜர் லீகே 60 ஆட்டங்கள்தான் நடத்தியது. அந்த ஆண்டு .364 எடுத்த டி.ஜே. லமேஹ்யூவின் பேட்டிங் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. கிப்சனுக்கு முன் ஒரே பருவச் சாதனை வைத்திருந்தவர் ஹியூ டஃபி, 1894-இல் .440. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, பின்னுக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்துகள் அப்போது பேட்டருக்கு எதிரான ஸ்ட்ரைக்காக எண்ணப்படவும் இல்லை. இரண்டுமே பேட்டருக்குச் சாதகம். 1884-இல் ஒரே ஆண்டு நடந்து மறைந்த யூனியன் அசோசியேஷனில் ஆல்டூனா அணி 25 ஆட்டங்களோடு கலைந்துபோனது. அந்த லீகையும் 1969-லேயே மேஜர் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே முடிவில் கறுப்பின லீக்குகளுக்கு மட்டும் இடமில்லை.

இதைச் சொன்னால் "அரசியல் பேசுகிறாய்" என்று வருவார்கள் என்று தெரியும். நான் எண்களைத்தான் பேசுகிறேன்.

ஒப்பிடும் முறையைக் கேட்டால், விகிதங்களை ஒப்பிடுங்கள், மொத்தங்களை ஒப்பிடாதீர்கள். ஒருவர் தன் லீக்கில் தன் காலத்துச் சராசரி வீரரைவிட எவ்வளவு மேலே நின்றார் என்று பாருங்கள். காப்பும், இன்னொரு மேஜர் லீக் நட்சத்திரமான பேப் ரூத்தும் அடித்த எண்களும் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்த லீக்கில் வந்தவைதான். கறுப்பினப் பிட்சர் ஒருவரைக்கூட அவர்கள் மேஜர் லீக் ஆட்டத்தில் எதிர்கொண்டதில்லை. நட்சத்திரக்குறி போடுவதென்றால் அங்கேயும் போட வேண்டும்.

"அந்த லீக்குகளின் தரம்?" என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. 1947-இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் வழியாக மேஜர் லீகின் கதவு திறந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் கிப்சன் 35 வயதில் இறந்திருந்தார். அடுத்த ஆண்டு 42 வயதில் மேஜர் லீகின் கிளீவ்லாந்து அணிக்கு வந்த நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பெய்ஜ் ஆறு வெற்றி, ஒரு தோல்வியோடு பருவத்தை முடித்தார். 1949 முதல் 1959 வரையிலான 11 ஆண்டுகளில் 9 முறை மேஜர் லீகின் ஒரு பிரிவான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர்கள் ராபின்சன், கம்பனெல்லா, மேஸ், நியூகம், ஏரன், பேங்க்ஸ். ஆறு பேருமே கறுப்பின அணிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். அந்த அணிகளின் தரத்தைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஆறு பெயர்களுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.