வாகனக் கேள்வி பதில்: அணைவதும் எரிவதுமாக ஒரு விளக்கு

கேள்வி: ஐயா, என் டீசல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால் அணைத்துத் தருகிறார்கள். சில நாளில் மீண்டும் எரிகிறது. ஒவ்வொரு முறையும் "சரிசெய்துவிட்டோம்" என்றவர்கள், இப்போது "கரி வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம், வாரன்டியில் வராது" என்று கையை விரிக்கிறார்கள். அலுவலகத்துக்குப் போய்வர மட்டுமே காரை எடுக்கிறேன், பக்கம்தான். அவர்கள் சொல்வது உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட அவர்கள் மெனக்கெடவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் உண்மையான பாதி. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைப்பது அந்த வடிகட்டியின் வேலை. ஓரளவு நிரம்பியதும், காரிலுள்ள கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக் கரியை எரித்துவிடும். இதற்குக் கார் கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். பக்கத்திலேயே போய்வருகிறவர்கள் எரிப்பு முடிவதற்குள் என்ஜினை நிறுத்திவிடுவார்கள். கரி அப்படியே தங்கும். எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றால், எரிப்பு பலமுறை பாதியில் நின்றிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் ஆயிலையும் உடனே மாற்ற வேண்டும். (காரை விற்கும்போது, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று அவர்களில் ஒருவராவது கேட்டாரா?)

இனி மீதிப் பாதி. வடிகட்டி நிரம்பிவிட்டதா என்பதைக் கம்ப்யூட்டர் கண்ணால் பார்ப்பதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சிறிய சென்சார் அளக்கிறது. பல கார்களில் அந்தச் சென்சாருக்கு விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு குழாய்கள் போகும். சூட்டில் காய்ந்து காய்ந்து அவை வெடிக்கும். சும்மா பார்த்தால் தெரியாது. இரண்டு விரலால் மடக்கினால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். குழாய் ஒழுகினால் அளவு கூடியோ குறைந்தோ காட்டும், கம்ப்யூட்டரும் அதை நம்பிவிடும். அதேபோல் புகையைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் என்ஜின் அளவுக்கு மீறிக் கரியைக் கக்கும். அப்போது வடிகட்டியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. இவற்றையெல்லாம் சோதித்த பிறகு "ஓட்டும் விதம்" என்றால் ஒப்புக்கொள்ளலாம். சோதிக்காமல் சொன்னால் அது சாக்கு.

ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டை அழித்து விளக்கை அணைப்பதைப் பழுதுபார்ப்பு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் என்ஜின் வேகம், வெப்பம், சுமை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கிறது. குறியீட்டை அழித்தால் பெரும்பாலும் அந்தப் பதிவும் போய்விடும், தடயத்தைக் கழுவிவிட்டு விசாரணையைத் தொடங்குவதுபோல. பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஆகவே சில நாள் எரியாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் "விளக்கு எரிகிறது" என்று அவர்கள் எழுதுவதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "அதே கோளாறு மீண்டும் வந்திருக்கிறது; அழிப்பதற்கு முன் ஸ்கேன் அறிக்கை அச்சிட்டுத் தரவும்" என்று எழுதச் சொல்லுங்கள். எந்தச் சோதனை செய்தார்கள், எதை மாற்றினார்கள், மென்பொருளைப் புதுப்பித்தார்களா என்பதும் தாளில் வர வேண்டும். வாரன்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சுலபமாகச் சொன்னவர்கள் எழுதச் சொன்னதும் மேலாளரைக் கூப்பிடுவார்கள். அந்தத் தாள்களின் படங்களோடு தயாரிப்பு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் பேசினால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். நான் சர்வீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன். வாரன்டி வேலைக்குத் தயாரிப்பாளர் இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுத்தான் பணம் தருவார். பொருளை மாற்றுவதற்குக் கூலி உண்டு. மூல காரணத்தைத் தேடும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி போதாது. டெக்னீஷியனிடம் கோபப்பட்டுப் பயனில்லை. வழக்கமாக ஓட்டும் பாதையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

கேள்வி: என் பெட்ரோல் காரில் பி 0420 என்ற குறியீடு வருகிறது. பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை வாரன்டியில் மாற்றினார்கள். மறுபடியும் அதே குறியீடு. கேடலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லி வற்புறுத்தலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. கன்வெர்ட்டர் புகையைப் போதிய அளவு சுத்திகரிக்கவில்லை என்பதுதான் அந்தக் குறியீடு. எந்தப் பொருள் கெட்டது என்று அது சொல்லாது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் இதே எண் வரலாம். சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போனாலோ, என்ஜின் ஆயிலைக் குடித்தாலோ கன்வெர்ட்டர் கெடும். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் கெட்டுப்போகும். ஆகவே கசிவுச் சோதனையை முதலில் கேளுங்கள். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் மட்டும் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும்.

கேள்வி: டீசல் காரின் கரி வடிகட்டியையே கழற்றிவிட்டு, மென்பொருளை மாற்றி விளக்கு எரியாமல் செய்துதருவதாக வெளி மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம். புகைச் சோதனையிலும் சிக்கல் வரும், வாரன்டியும் போகும். புகை விஷயத்தில் மென்பொருளைக் கொண்டு ஏமாற்றிய ஃபோக்ஸ்வேகனே 2015-இல் மாட்டிக்கொண்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. உங்கள் மெக்கானிக் அவர்களைவிடக் கெட்டிக்காரரா? வடிகட்டியில் தங்குவது கரி மட்டுமல்ல, ஆயிலிலிருந்து வரும் சாம்பலும்தான். கரி எரியும், சாம்பல் எரியாது. உண்மையில் சாம்பல் நிரம்பியிருந்தால், வடிகட்டியைக் கழற்றி இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி மாட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அழுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் காரின் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலையே அதன்பின் ஊற்றுங்கள்.