மவுத் ஆர்கன் ஒரு தொழிலாகுமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே ‘மவுத் ஆர்கன் வாசிப்பதுதான் என் தொழில்’ என்று தங்கள் மகன் அறிவித்துவிட்டதாகவும், பி.காம். விண்ணப்பத்தைத் தொடக்கூட மறுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சென்ற சனிக்கிழமை அவன் தன் தாயாருடன் பெரம்பூரிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுப் போனான். தாங்கள் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான்: இதில் சோறு கிடைக்குமா? மவுத் ஆர்கன் மட்டுமே தெரிந்தவருக்குச் சென்னையில் அநேகமாகக் கிடைக்காது; மவுத் ஆர்கனும் தெரிந்த முழு இசைக்கலைஞருக்குக் கிடைக்கும். மீதிக் கடிதம் முழுவதும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

அன்று அவனை வாசிக்கச் சொன்னேன். கையிலிருந்தது நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தொடங்கும் 24 துளை ட்ரெமலோ வாத்தியம். ஒவ்வொரு சுரத்துக்கும் சற்றே விலகிய சுதியில் இரண்டு ரீடுகள் (மூச்சுக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) சேர்ந்து ஒலிப்பதால்தான் அதில் அந்த நடுங்கும் நாதம் வருகிறது. ஒரு தாலாட்டு மெட்டை மூச்சுத் திணறாமல், உள்ளங்கையைத் திறந்து மூடிக் கமகம்போல் ஒரு அசைவு கொடுத்து, நன்றாகவே வாசித்தான். ‘ஒரு கட்டையில் வாசித்தாய், இதையே ஒன்றரைக் கட்டையில் வாசி’ என்றேன், அதாவது அதே மெட்டைச் சற்றே உயர்ந்த சுதியில். வாத்தியத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டு, ‘இதுல முடியாது சார்’ என்றான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மேடையில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ற சுதியைத்தான் கேட்பார். வாத்தியத்துக்கு ஏற்றபடி குரலை மாற்றிக்கொள்ள மாட்டார். ஒரே சுதியில் அமைந்த ட்ரெமலோவை வைத்துக்கொண்டு மெல்லிசைக் குழுவில் ஓர் இரவு முழுவதும் உட்கார முடியாது.

தொழிலாக வாசிப்பவர்களிடம் இருவகை வாத்தியங்கள் இருக்கும். ஒன்று, 10 துளையும் 20 ரீடும் கொண்ட சிறிய டயட்டோனிக். மூச்சின் அழுத்தத்தால் சுரத்தை வளைத்து அழவைப்பது இதன் தனித்தன்மை. சுதிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். மற்றொன்று, பக்கவாட்டில் பொத்தான் உள்ள குரோமாட்டிக்; 12 துளை வாத்தியத்தில் 48 ரீடுகளும், 16 துளையில் 64 ரீடுகளும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அரைச்சுரங்கள் கிடைப்பதால் எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம். திரைப்பாடல், ஜாஸ், கர்நாடக ராகம் எதற்கும் பிற்பாடு அவனுக்குத் தேவைப்படப்போவது இதுவே. டயட்டோனிக் சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடும்; தரமான குரோமாட்டிக்கின் விலை பத்தாயிரங்களில் வரும். அவனுக்குப் புதுக் கைப்பேசி வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தால் அந்தத் தொகையை இதற்குத் திருப்பிவிடுங்கள். அவன் மறுக்க மாட்டான்.

வருமானத்துக்கு வருகிறேன். ஒலிப்பதிவில் வாசிப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது; கால்ஷீட்டுக்கு, அதாவது வாசிக்க அழைக்கும் ஒவ்வொரு வேளைக்கும், இவ்வளவு என்பதுதான் கணக்கு. வயலின்காரர்களைக் கூட்டமாக அழைப்பார்கள். மவுத் ஆர்கனுக்கு ஒருவர் போதும், அதுவும் அந்தப் பாட்டுக்கு அது தேவைப்பட்டால்தான். கீபோர்டில் பதிந்து வைத்த மவுத் ஆர்கன் ஒலியைக் கொண்டே பலர் சமாளித்துவிடுகிறார்கள். சுரத்தை வளைக்கும் இடம் வரும்போதுதான் ஆள் தேடுகிறார்கள். தேடி வந்த அன்று ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பை) பார்த்தவுடன் வாசிக்கத் தெரியாதவரை மறுபடி கூப்பிடுவது அரிது. ஆகவே நிரந்தர வருமானம் பெரும்பாலும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலிருந்து வரும். அதற்கு மேல் திருமண வரவேற்பு, நிறுவன விழாக்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் மாலை நிகழ்ச்சிகள். நான் சந்தித்த மவுத் ஆர்கன் கலைஞர்களில் அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துபவர் மிகச் சிலர்.

இந்த வாத்தியத்தின் பெரிய பெயர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். ஜாஸ் உலகம் கொண்டாடிய பெல்ஜியக் கலைஞர் டூட்ஸ் தீல்மன்ஸ் 1950களில் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் கிடாரும் வாசித்தவர். 1964-இல் வெளிவந்த இந்திப் படம் ‘தோஸ்தி’யில் லக்ஷ்மிகாந்த் – பியாரேலாலின் இசைக்கு மவுத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன், அவருடைய தொழில் இசையமைப்பு என்பது தாங்கள் அறிந்ததே. அமெரிக்க மவுத் ஆர்கன் கலைஞர் லாரி ஆட்லர்போல் இதை ஒன்றையே பிடித்து உலகை வலம் வந்தவர்களும் உண்டு. ஆனால் அவரைக் காட்டி ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு வழி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் டிராசிங்கனில் நான்கு ஆண்டுகளுக்கொரு முறை நடக்கும் உலக ஹார்மோனிகா (மவுத் ஆர்கனின் மற்றொரு பெயர்) விழாவைப் பற்றியும் அவன் ஆவலாகப் பேசினான். போய் வரட்டும், நல்லதுதான். அங்கே வாங்கும் கோப்பையைப் பார்த்து வடபழனியின் ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து யாரும் தொலைபேசியில் அழைக்கப்போவதில்லை.

எனவே என் யோசனை இது. அவன் பட்டப்படிப்பில் சேரட்டும். ஆனால் பிற்பகல் ஒரு மணிக்கு விட்டுவிடும் முதல் ஷிப்ட் கல்லூரியாக இருக்கட்டும். பி.காம். என்பதில் தங்களுக்குப் பிடிவாதம் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இசைக்காரருக்குக் கணக்கு தெரிந்திருப்பது நல்லதே. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள். வரி வரம்புக்குள் வருமானம் உள்ளவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பணத்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிற்பகல்களில் கீபோர்டும் மேற்கத்திய இசைக் கோட்பாடும் கற்கட்டும்; கோட்பாட்டுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். மவுத் ஆர்கனுக்கென்று தனித் துறை வைத்த கல்லூரியைத் தேடி அலைய வேண்டாம். ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைப்பள்ளியைப் பற்றி யோசிப்பதானால், கட்டணத்தை விசாரித்துவிட்டு, பட்டம் முடிந்த பிறகு யோசியுங்கள்.

அவன் கற்க வேண்டிய இன்னொன்று, வாத்தியத்தைப் பராமரிக்கும் கைவேலை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒலிப்பதிவுக்குப் போனபோது ஏசியின் குளிரில் உலோகத் தகடு சில்லிட்டுவிட்டது. அதன்மேல் சூடான மூச்சு பட்டு நீராகப் படிந்து, ரீடுகளின்மேல் உள்ள மெல்லிய வால்வுகள் ஒட்டிக்கொள்ள, இரண்டு சுரங்கள் பேசவே இல்லை. எல்லோரும் காத்திருக்க, அவர் வாத்தியத்தை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். அன்று முதல் ஸ்டூடியோவுக்குள் நுழையுமுன்பே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார்.

கல்லூரி சேர்க்கை முடிந்ததும் அவனை ஒருமுறை அழைத்து வாருங்கள். இந்த முறை தாங்களும் வர வேண்டும். அந்த 24 துளை வாத்தியத்தையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் மேல் ஷட்ஜம் (மேல் ஸ) சுதி இறங்கிப் பேசுகிறது. ரீடின் நுனியைச் சிறிது சுரண்டினால் சுதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். அதை அவனே கழற்றிச் சரிசெய்து காட்டட்டும். தாங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.