ஐயோ என்று சொன்னவர்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் சென்னையில் ஓர் அரங்கில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை வாசிக்க சிகாகோவிலிருந்து வந்திருந்த ஒரு கிட்டார் கலைஞரின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சபாக்களுக்குப் போய் வளர்ந்தவன் நான். கச்சேரியில் வாய் திறக்கக் கூடாது, தாளம் போட்டால்கூடத் தொடையில் ஓசை எழாமல் போட வேண்டும் என்பது பாட்டி சொல்லித் தந்த பாடம். ப்ளூஸை இரண்டு ஆண்டுகளாகத்தான் கேட்கிறேன். அன்றைய கூட்டம் எனக்குப் பெரும் ஏமாற்றம். பின்வரிசையில் நான்கைந்து பேர் அலுவலகக் கதை பேசிக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட, என் பக்கத்து இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், கலைஞர் கம்பியை இழுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் “ஐயோ… ஐயோ…” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அமைதியாக இருக்கும்படி இரண்டு முறை சொன்னேன். பிறகு அவர் சத்தம் போடவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் இருக்கையில் இல்லை.

நம் ஊர் ரசிகர்களுக்கு இத்தகைய இசையைக் கேட்கும் பண்பு எப்போது வரும்? அடிமை முறையின் வரலாற்றை வாழ்ந்தறியாத ஒரு தமிழனால் ப்ளூஸை உண்மையில் உணர முடியுமா? புதிதாகக் கேட்பவர்களுக்காகப் பத்து இசைத்தட்டுகளைச் சொல்வீர்களா?

ரகு, வேளச்சேரி

அன்புள்ள ரகு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை அந்தக் காலி இருக்கையைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் இல்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். மார்கழி முடிந்ததிலிருந்து, நம் அரங்குகளில் கேட்பவனின் குரல் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

கைப்பேசிக்காரர்களைப் பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை. தாலி கட்டும்போதும் அவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள், தேர் நகரும்போதும் அப்படித்தான் நிற்கிறார்கள். அலுவலகக் கதை பேசியவர்களைத்தான் நீங்கள் அதட்டியிருக்க வேண்டும், ஆனால் அதட்டியதாகக் கடிதத்தில் இல்லை. அவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், ஐயோ சொன்னவர் தனியாள் என்பதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் ஆள் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்த ‘ஐயோ’வுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக ப்ளூஸ் கேட்கிறேன் என்கிறீர்கள். ஆனால் அதன் கணக்கை ஒருமுறையாவது விரல் விட்டு எண்ணியிருக்கிறீர்களா? மிகப் பரவலாக வழங்கும் வடிவம், நம் மொழியில் சொன்னால், நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு ஆவர்த்தனங்கள், அதாவது தாளச் சுற்றுகள். அதில் மூன்று வரிகள் வரும். முதல் வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு முறை பாடுவார்கள், மூன்றாவது வரியில் முடிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு ஆவர்த்தனம் இடம் உண்டு. ஆனால் பாடகரின் குரல் ஏறத்தாழ இரண்டிலேயே முடிந்துவிடும். மீதி இரண்டும் வெற்றிடம். அந்த இடத்தில்தான் கிட்டார் பதில் சொல்கிறது. வயலில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடிய பாட்டும், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் போதகர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தியதும் சபையார் குரல் கொடுக்கும் முறையும் அந்த வெற்றிடத்தை உண்டாக்கியவை. அது பதிலுக்காகவே ஒதுக்கிவைக்கப்பட்ட இடம். அங்கே கேட்பவனும் வாயைத் திறக்கலாம். திறக்காமல் ஆயிரம் பேர் கல்லாக உட்கார்ந்திருந்தால், மேடையில் இருப்பவருக்குத் தன் பாட்டு யார் காதிலும் விழவில்லையோ என்ற ஐயம்தான் வரும்.

ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங்கைக் கேட்டிருப்பீர்கள். 1925இல் மிசிசிப்பியில் பிறந்து, சிறுவனாகப் பருத்தி எடுத்தவர். அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒன்று நின்ற பிறகுதான் மற்றொன்று தொடங்கும். அவருடைய உறவினரான புக்கா வைட், உலோகக் குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பதில் வல்லவர். அது தமக்குக் கைவராததால், அந்த ஒலியைத் தேடி இடக்கை விரலைக் கம்பியிலேயே வைத்து நடுக்கத் தொடங்கியதாக கிங் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து அசைத்து நிற்கும் அந்த நடுக்கம்தான் பிறகு அவருடைய அடையாளமாயிற்று. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கேட்டு வளர்ந்த உங்கள் காதுக்கு அது அந்நியமாக இருந்திருக்க முடியாது. கலைஞர் கம்பியை இழுத்து நிறுத்தும்போதெல்லாம் ஐயோ என்றார் என்று எழுதுகிறீர்கள். அப்படியென்றால் அவர் கண்ட இடத்தில் கத்தவில்லை. ஸ்வரம் தன் இடத்தை விட்டுச் சற்றே நழுவி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவில் நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும், சொல்லி வைத்தாற்போல, அவர் வாய் திறந்திருக்கிறது. அந்த அரங்கில் மிக நுட்பமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதரை நீங்கள் இரண்டு முறை அடக்கியிருக்கிறீர்கள், ரகு.

சிகாகோவின் ரீகல் அரங்கில் 1964 நவம்பர் 21 அன்று கிங் வாசித்ததைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் அதற்கு இணையாக மிகச் சிலவற்றையே சொல்வார்கள். அதில் பாதி இசை கூட்டத்தினுடையது. ஒரு பாட்டில், தான் பெற்ற ஏழு பிள்ளைகளைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் மனைவியைப் பற்றிய வரி வரும்போது அரங்கம் வெடிக்கிறது. பெண்கள் கிறீச்சிடுகிறார்கள். கிங் அந்தக் கூச்சலின் மேலேறி அடுத்த வரிக்குப் போகிறார். அந்தக் கூச்சலை யாராவது சுத்தம் செய்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது, திருமணம் நின்றுபோன மண்டபத்தில் நாதஸ்வரம் மட்டும் ஒலிப்பதுபோல இருக்கும்.

கூட்டத்தின் குரல் எப்போதும் இனிப்பானதாக இருந்ததாகவும் எண்ண வேண்டாம். 1960களில் இளம் கறுப்பினக் கூட்டமொன்று, ப்ளூஸ் பழைய தலைமுறையின் அழுகை என்று நினைத்து கிங்கைக் கூச்சலிட்டுக் கேலி செய்தது. தம் மக்களே தம்மை விரட்டுகிறார்களே என்று மேடையிலேயே அவர் கண் கலங்கினார். 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் நீண்ட முடி வளர்த்த வெள்ளை இளைஞர்களைப் பார்த்து, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று அஞ்சிக்கொண்டே மேடையேறினார். வாசிக்கத் தொடங்கும் முன்பே அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அன்றும் அழுதார். 1970 செப்டம்பரில் சிகாகோவின் குக் கவுண்டி சிறையில் கைதிகளுக்கு வாசித்த நிகழ்ச்சியின் பதிவு, ஷெரீஃபின் பெயரும் நீதிபதியின் பெயரும் அறிவிக்கப்படும்போது கைதிகள் எழுப்பும் கேலிக் கூச்சலோடுதான் தொடங்குகிறது. அதை வெட்டாமல் அப்படியே இசைத்தட்டில் விட்டுவைத்தார்கள். அந்த அளவுக்குக் கேட்பவனின் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

நம் பக்கம் எப்படி என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவர். கும்பகோணம் பக்கம். இளவயதில் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை வீதியில் நின்று கேட்டவர் என்பதை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது. “அடடா, அடப்பாவி” என்பார். வித்துவானைத் திட்டுவதுபோல இருக்கும். கண்ணில் நீர் நிற்கும். சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு, எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, மேலதிகாரி கொடுத்த இரண்டு இலவசச் சீட்டுகளோடு ஒரு பெரிய சபாவுக்கு என்னை அழைத்துச் சென்றார். ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு அடடா வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “இது கல்யாண வீடு இல்லை சார்” என்றார். அடுத்த சங்கதிக்கு மறுபடியும் வந்தது. மறுபடியும் அவர் திரும்பினார், இம்முறை ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் செருப்பைப் பார்த்தார். அதன் பிறகு அப்பா தோளில் கிடந்த துண்டின் முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். மீதிக் கச்சேரி முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் மேடையைப் பார்க்கவில்லை, அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பேருந்தில், “பாட்டு நல்லாத்தான் இருந்தது, எனக்குத்தான் மூச்சு முட்டிருச்சு” என்றார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சபாவுக்கும் வரவில்லை. பங்குனி உற்சவத்தின்போது மட்டும் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் நாதஸ்வரக்காரர்களை ஒட்டியே நடப்பார். அங்கே அவர் அடடா சொன்னால் தவில்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், அடுத்த அடி இன்னும் அழுத்தமாக விழும்.

ஆகவே, பாட்டியின் பாடத்தைக் குறை சொல்லவில்லை, அதன் வயதைத்தான் நினைவூட்டுகிறேன். சீட்டும் எண்ணிட்ட நாற்காலியும் வந்த பிறகு உருவான பழக்கம் அது. சென்னை மியூசிக் அகாடமியே 1928இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு கோயில் வீதியிலும், தெருக்கூத்துக் களத்திலும், விடிய விடிய நின்று கேட்டவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இன்றும் அந்தச் சபாக்களில், மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்களை யாரும் பண்பில்லாதவர்கள் என்பதில்லை, பலே என்று சற்று உரக்கச் சொன்னவரைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். மிருதங்கக்காரருக்கு முதுகு காட்டுவது நாகரிகம், அவருக்குப் பதில் சொல்வது அநாகரிகம்! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து வடக்கே போய் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு துக்க வீட்டில் இரவு கானா பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். பாடுபவர் இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு வரியை விட்டதும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டியும் விசிலடித்தும் அதை வாங்கிக்கொள்வார்கள். கானா நம் ஊர் ப்ளூஸ் என்று எழுதிவிடும் ஆசை பலருக்கு உண்டு, எனக்கு இல்லை. அது அதன் மக்களுடைய பாட்டு, இது இதன் மக்களுடைய பாட்டு. ஆனால் விடப்பட்ட வரியை வாங்கிக்கொள்ளும் அந்தக் கைகள் இந்தச் சென்னையிலேயே இருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன். பண்பு எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். அது உங்கள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

வரலாற்றை வாழ்ந்தறியாத தமிழனால் உணர முடியுமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொள்ளாமல் அழகு, சோகம் என்று மட்டும் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் படித்து முடிக்கும்வரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் போய்விட்டதைக் கவனித்து, மறக்காமல், கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். முன்வரிசைக்காரர் எங்களை அப்படி நினைவில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பத்து இசைத்தட்டுகள் கேட்டிருந்தீர்கள். பட்டியல் போடும் வழக்கம் எனக்கு இல்லை. மேலே சொன்ன ரீகல் பதிவு ஒன்று போதும், ஆறு மாதத்துக்கு வரும். காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்காதீர்கள். கூடத்தில் ஒலிபெருக்கியில் போடுங்கள். பாட்டி நலமாக இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஒன்றும் விளக்கிச் சொல்லாதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் ‘ச்சு’ கொட்டுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.