வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அப்பா

அன்புள்ள ஆலோசகருக்கு,

மும்பை செம்பூரில் மனைவியுடனும் ஏழு வயது மகனுடனும் வசிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் என் வேலை போயிற்று. வங்கியில் பணிபுரியும் மனைவிக்கு அப்போதுதான் பதவி உயர்வு கிடைத்திருந்ததால், வீட்டையும் மகனையும் நான் பார்த்துக்கொள்வதென்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். அந்த வேலைகள் எனக்குப் பிடித்தும் இருக்கின்றன. ஆயினும் ஊரிலிருந்து அம்மா அழைக்கும்போதும், மாட்டுங்கா கோயிலில் நம்மவர்களைச் சந்திக்கும்போதும், வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்வதாகப் பொய் சொல்கிறேன். அண்மையில் மகனும் அதே பொய்யை ஒருவரிடம் சொன்னான். சில வாரங்களாகத் தூக்கமில்லை. கிடைக்கிற ஏதாவதொரு வேலையில் சேர்ந்துவிடட்டுமா?

– ஒரு வாசகர், மும்பை

அன்புள்ள வாசகருக்கு,

குடும்பத்துக்கு இன்னொரு வருமானம் தேவையென்றாலோ, பழைய தொழிலை மனம் நாடினாலோ வேலை தேடுங்கள். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிச் சேரும் வேலை கூச்சத்தைப் போக்காது. மனைவியைவிடச் சம்பளம் குறைவு என்ற பேச்சு அடுத்து வரும்.

சம்பாதிப்பவனே ஆண் என்று கேட்டு வளர்ந்த மனம், வேலை போகும்போது தன் மதிப்பும் போய்விட்டதாக எண்ணுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். பெண்களின் அவ்வளவு உழைப்பையும் வேலையென்றே கருதாத சமூகம்தான், அதையே செய்யும் உங்களைச் சும்மா இருப்பவர் என்கிறது. உங்கள் மனைவியையும் அது விட்டுவைக்காது. அவருடைய உயர்வை வாழ்த்துவதற்குப் பதில், கணவனை வீட்டில் உட்காரவைத்தவள் என்று பேசும். இதுபற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை உங்கள் கடிதத்தில் காணோம். முதலில் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

எனக்கு மிகவும் கவலையளிப்பது மகன் சொன்ன பொய். தனக்குச் சோறூட்டிப் பாடம் சொல்லித்தரும் அப்பாவின் உழைப்பு மறைக்கப்பட வேண்டியது என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆகவே உண்மையை அவன் காதுபடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை, அம்மாவிடம் மட்டும், மனைவியும் உடனிருக்கும்போது, “வீட்டையும் பையனையும் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா. நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு இது” என்று சொல்லிவிடுங்கள். அவர் வருந்தலாம், அழவும் செய்யலாம். அதைக் கண்டு மீண்டும் பொய்க்குள் போய்விடாதீர்கள்.

தூக்கமின்மையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆண் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற அதே பழக்கம்தான் மனச்சோர்வையும் முற்றவிடுகிறது. மத்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தேவையெனில் நேரில் மருத்துவரைப் பார்க்கவும் அவர்கள் வழிகாட்டுவார்கள்.